துவரம்பருப்பு ஏழு விசில் விட்டும் வேகல, ரசம் கசக்குது: எங்க தப்பு பண்றேன்?

மொட்டைமாடி_வாசி | செவ்வாய், இரவு 9:52

வணக்கம் மக்களே. பெங்களூருல வாடகை வீடு. வீட்டுக்காரிக்கு நாலு நாளா காய்ச்சல், நேத்துதான் விட்டுச்சு. வாயெல்லாம் கசக்குது, பருப்பு ரசமும் சுட்ட அப்பளமும் போதும்னா. ஆபீஸ் கேன்டீன்ல ஓட்டுற ஆளு நான். ரசம்தானே, என்ன பெரிய வித்தைன்னு இறங்கிட்டேன்.

அஞ்சு விசில் விட்டேன், பருப்பு முழுசு முழுசா நிக்குது. இன்னும் ரெண்டு விட்டேன். கரண்டியால மசிச்சா சுவத்துல அடிச்ச பந்து மாதிரி தெறிச்சு ஓடுது. சரி போகட்டும்னு அப்படியே ரசமாக்கினா மேல தெளிஞ்ச தண்ணி, அடியில மஞ்ச ஜல்லி. குடிச்சா கசப்பு வேற. அவ ஒரு வாய் வெச்சுட்டு, "காய்ச்சல் இன்னும் போகல போல, எல்லாமே கசக்குது"ன்னா. பாவம், அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடிச்சுக்கிட்டா. நான் வாயே திறக்கல.

இதே பருப்பு, இதே குக்கர். போன மாசம் ஒரு நாள் சாம்பாருக்கு மூணே விசில்ல வெண்ணெயா வெந்துச்சு. பருப்பு, ஆன்லைன் தள்ளுபடியில வாங்கின 5 கிலோ மூட்டை. யாராவது வழி சொல்லுங்க.

---

தாமிரபரணிக்காரி | செவ்வாய், இரவு 10:15

தம்பி, மொதல்ல ஒண்ணு சொல்லு. அந்த 5 கிலோ எப்போ வாங்கினது? வருஷம் தாண்டின பருப்பு எத்தனை விசில் விட்டாலும் விறைச்சுக்கிட்டுதான் நிக்கும். எங்க ஆச்சி தை, மாசியில புதுப்பருப்பு வந்ததும் வாங்கி வெயில்ல காய வச்சு மண்பானையில போட்டு மூடுவா. மழைக்காலத்துக்கு அப்புறம் பழசு கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அப்போ ராத்திரியே ஊறப் போட்டுருவா.

ரெண்டாவது, உப்பை எப்போ போட்ட? உப்புப் போட்டு வேக வச்சா பருப்பு வேகாது.

---

விசில்_கணக்கு | செவ்வாய், இரவு 10:31

கேஸ்கட்டைப் பாருங்க சார். ஆவி ஓரமா கசிஞ்சா உள்ள அழுத்தமே நிக்காது, வெயிட் மட்டும் சும்மா புஸ் புஸ்னு பேர் சொல்லும். அடுப்பைப் பெருசா வெச்சா பத்து நிமிஷத்துல ஏழு விசில் வந்துடும், பருப்பு வெந்திருக்காது. விசிலை எண்ணாதீங்க, நேரத்தை எண்ணுங்க. முதல் விசில் வந்ததும் தணல்ல 12 நிமிஷம். ஆவி தானா அடங்கட்டும். குழாயில காட்டி அவசரப்பட்டுத் திறக்காதீங்க.

---

மொட்டைமாடி_வாசி | செவ்வாய், இரவு 10:48

அக்கா, பருப்பு வாங்கி எட்டு மாசம் இருக்கும். கேஸ்கட் புதுசு, போன மாசம்தான் மாத்தினேன். உப்பு போடல. வேலை மிச்சம்னு பருப்பு, தக்காளி, புளி, மஞ்சத்தூள் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டுத்தான் குக்கரை மூடினேன். அதனால ஒண்ணும் இல்லையே?

---

தாமிரபரணிக்காரி | செவ்வாய், இரவு 10:50

அடப்பாவி.

---

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | செவ்வாய், இரவு 11:20

குற்றவாளி அகப்பட்டுட்டான். ஆனா ஒருத்தன் மட்டும் இல்லன்னு நினைக்கிறேன்.

பருப்பு வேகுறதுன்னா என்ன? அதோட செல்களை ஒண்ணோட ஒண்ணு ஒட்டி வெச்சிருக்கிற பசை பெக்டின். சூட்டுல அது கரைஞ்சாத்தான் பருப்பு குழையும். புளிப்பு இருந்தா கரைய மாட்டேன்னு அடம் பிடிக்கும். அதான் புளி, தக்காளியை நம்ம வீட்டுல எப்பவும் பருப்பு வெந்த பிறகு சேர்க்கிறாங்க. பெக்டின்னு பேர் தெரியாமலே எல்லாப் பாட்டியும் இதைச் சரியாப் பண்ணினாங்க.

இன்னொருத்தன் கால்சியம், மக்னீசியம். உப்புத் தண்ணின்னு நாம சொல்ற போர்வெல் தண்ணியில இது நிறைய இருக்கும். இதுவும் அந்தப் பசையோட சேர்ந்து இறுக்கிடும். குடிநீருக்கான இந்திய தரநிலை ஐஎஸ் 10500, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் இருக்கலாம்னு சொல்லுது. வேற தண்ணி கிடைக்காத இடத்துல 600 வரைக்கும் போகலாம். 600ல பருப்பு வேக வெச்சுப் பாருங்க, தெரியும்.

அக்கா கோவிச்சுக்கக் கூடாது, உப்பு மேல பழி போடாதீங்க. சாப்பாட்டு உப்புல இருக்கிறது சோடியம். அது பருப்பை இறுக்காது, கால்சியத்தை நகர்த்திட்டு அந்த இடத்துல உட்கார்றதால இளகத்தான் செய்யும்.

மொட்டைமாடி, உங்க வீட்டுல என்ன தண்ணி?

---

தாமிரபரணிக்காரி | புதன், காலை 6:40

வாத்தியாரே, நாப்பது வருஷமா நான் உப்பைக் கடைசியிலதான் போடுதேன். எங்க ஆத்துத் தண்ணியில கல்லைப் போட்டாலும் வெந்துரும், அதனால நீங்க சொல்றதைச் சோதிச்சுப் பாக்க எனக்கு வழியில்லை. ஆனா கடைசியில போட்டாத்தான் அளவு தெரியும். அதை விட மாட்டேன்.

---

மொட்டைமாடி_வாசி | புதன், காலை 8:05

சார், நீங்க கேட்ட பிறகுதான் உறைக்குது. எங்க கட்டடத்துக்குக் காவிரித் தண்ணி வாரத்துல ரெண்டு நாள்தான். மத்த நாள் போர், பத்தலன்னா டேங்கர். குடிக்கிறதுக்கு மட்டும் கேன். சமையலுக்குக் குழாய்த் தண்ணிதான் பிடிப்போம். கெட்டில் அடியில சுண்ணாம்பு அடிச்ச மாதிரி வெள்ளையா இருக்கும்.

போன மாசம் சாம்பார் வெந்தது ஒரு திங்கக்கிழமை. திங்க காவிரி விடுற நாள்!

---

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | புதன், காலை 8:30

நூறு கிலோமீட்டர் தள்ளி தொரெகாடனஹள்ளியிலிருந்து அந்தத் தண்ணியை மேடேத்தி இறைச்சுக் கொண்டு வர்றாங்க. அது வந்தா உங்க பருப்பு வேகுது. போர் தண்ணின்னா கல்லு. ஆனா நான் சொன்னேன்னு நம்பாதீங்க, நீங்களே பாருங்க.

ரெண்டு எவர்சில்வர் டம்ளர் எடுங்க. ரெண்டுலயும் மூணு மூணு ஸ்பூன் பருப்பு. ஒண்ணுல குழாய்த் தண்ணி, இன்னொண்ணுல கேன் தண்ணி. கழுவுறது, ஊற வைக்கிறது எல்லாமே அததுக்கு அதே தண்ணியில. புளி கிளி எதுவும் கூடாது. ரெண்டையும் ஒரே குக்கர்ல அடியில தண்ணி ஊத்தி நிக்க வெச்சு மூடுங்க. ஒரே பருப்பு, ஒரே சூடு, ஒரே நேரம். தண்ணி மட்டும்தான் வேற.

---

சிறுவாணி | புதன், காலை 9:12

ஏனுங்க, இதுக்குத்தான் நாங்க கோயமுத்தூரை விட்டு வர மாட்டோம்கிறது. சிறுவாணித் தண்ணியில ஒரு விசில் எச்சா விட்டா பருப்பு காணாமப் போயிருமுங்க.

காய்ச்சல் விட்ட ஆளுக்கு ரசத்தைவிட அரிசிம்பருப்பு ஆக்கிப் போடுங்க. ரசம் கிசம் வெக்கிற வேலையே இல்ல. பொன்னி அரிசி ஒரு டம்ளர், துவரம்பருப்பு கால் டம்ளருக்குக் கொஞ்சம் மேல, ரெண்டையும் சேத்து அரை மணி நேரம் ஊற வெச்சிருங்க. குக்கர்ல எண்ணெய் ஊத்தி கடுகு, சீரகம், வரமிளகாய், தட்டின பூண்டு, பத்து சின்ன வெங்காயம், ஒரு தக்காளி வதக்கி, மஞ்சத்தூள் போட்டு, மூணரை டம்ளர் தண்ணி. கொதி வந்ததும் அரிசி பருப்பைக் கொட்டி உப்புப் போட்டு மூணு விசில். திறந்ததும் சூட்டோட ஒரு கரண்டி நெய். கெட்டித் தயிர் தொட்டுக்க. எங்க வீட்டுல ஊருக்குப் போயிட்டு ராத்திரி பத்து மணிக்கு வந்தாலும் இதுதானுங்க.

---

மொட்டைமாடி_வாசி | புதன், காலை 9:20

இதுல தக்காளி பருப்போட சேர்ந்துதானே வேகுது? உப்பும் முதல்லயே போடுறீங்களே? வாத்தியார், அக்கா ரெண்டு பேர் பேச்சையும் மீறினா எப்படிங்க?

---

சிறுவாணி | புதன், காலை 9:41

ஒரு தக்காளிங்க, மூணரை டம்ளர் தண்ணிக்கு. அதுவும் வதங்கிக் கரைஞ்சது. புளி கிடையாது. பருப்பு ஊறி இருக்கு. எல்லாத்துக்கும் மேல தண்ணி நம்மளுது. உங்க போர் தண்ணியில பண்ணினா சோறு மட்டும் குழைஞ்சு பருப்பு பல்லுல கடிபடுமுங்க, கேன் தண்ணியிலயே பண்ணுங்க.

---

நளன்_தம்பி | புதன், மதியம் 1:05

ஹாஸ்டல் சமையல்கட்டுல பத்து வருஷம் இருந்தவன் சொல்றேன். அங்க இதுக்கெல்லாம் ஒரே மருந்து, ஆப்ப சோடா. ஒரு சிட்டிகை, பருப்பு கூழாயிடும்.

---

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | புதன், மதியம் 1:40

ஆகும். பி1 வைட்டமினும் சேர்ந்து போயிடும், கொஞ்சம் கூடிட்டா சோப்பு வாடை வரும். ஹாஸ்டல் சாம்பாருக்கு ஏன் அந்த வாடைன்னு இருபது வருஷம் கழிச்சு இன்னைக்குத் தெரிஞ்சுக்கிட்டேன். நன்றி தம்பி.

---

யாழ்_அன்னம் | புதன், மாலை 5:55

நான் இப்ப ஸ்காபரோவில இருக்கிறன். எங்கட வீட்டில ரசத்துக்குப் பருப்பே போடுறேல்ல. மல்லி, மிளகு, நற்சீரகம், செத்தல் மிளகாய் எல்லாத்தையும் உரலில இடிச்சு, கடைசியா உள்ளியைத் தோலோட தட்டிப் போட்டு, பழப்புளி கரைச்ச தண்ணியில விட்டு ஒரு கொதி வந்தவுடன இறக்கிறது. சோத்தோட விட்டுச் சாப்பிடுறதை விட, தடிமன் காய்ச்சல் எண்டால் டம்ளரில சுடச்சுடக் குடிக்கிறதுதான் கூட. பருப்பு வேகேல்லை எண்டு ஏன் இவ்வளவு பாடுபடுறியள்? பருப்பை விட்டிட்டு வையுங்கோ.

---

தாமிரபரணிக்காரி | புதன், இரவு 7:10

அன்னம், எங்க பக்கமும் அது உண்டும்மா, கொட்டு ரசம்பாங்க. சளிக்குப் பிரமாதம். ஆனா அந்தப் புள்ள கேட்டது பருப்பு ரசம். நாலு நாளா ஒண்ணும் இறங்காத வயித்துக்கு மிளகுத் தண்ணி மட்டும் போனா எரியும். பருப்புத் தண்ணி சேர்ந்தாத்தான் சாந்தமா இருக்கும்.

தம்பி, கசப்பு எங்கிருந்து வந்ததுன்னு இன்னும் சொல்லலையே. என்னென்ன வறுத்த?

---

மொட்டைமாடி_வாசி | புதன், இரவு 8:22

அம்மாகிட்ட போன்ல கேட்டு எழுதி வெச்சதை அப்படியே போடறேன்:

மிளகு ஒரு ஸ்பூன், சீரகம் ஒரு ஸ்பூன், மல்லி ரெண்டு ஸ்பூன், வெந்தயம் நாலு.

எல்லாத்தையும் ஒண்ணா வறுத்துப் பொடிச்சேன். வெந்தயம் நாலு ஸ்பூன் கொஞ்சம் அதிகமோன்னு எனக்கே சந்தேகம் வந்து, மூணுதான் போட்டேன்.

---

விசில்_கணக்கு | புதன், இரவு 8:25

மூணு ஸ்பூன் வெந்தயம்!! அது ரசம் இல்ல சார், சர்க்கரை வியாதிக்குக் கஷாயம்.

---

தாமிரபரணிக்காரி | புதன், இரவு 8:31

ஏ சாமி, நாலுன்னா நாலு வெந்தயம்ல! நாலு மணி! எண்ணிப் போடணும். அதையும் மிளகோட சேர்த்து வறுத்தா கருகிக் கசப்பு ரெட்டிப்பாகும். உங்க அம்மா சரியாத்தான் சொல்லியிருக்கா. இனிமே எழுதும்போது "எதுல நாலு"ன்னு கேட்டு எழுது.

சரி, முதல்லருந்து சொல்லுதேன். ரெண்டு பேருக்கு.

பருப்பு ரெண்டு கை, கழுவி அரை மணி ஊற வச்சு, மஞ்சத்தூளும் ரெண்டு சொட்டு நல்லெண்ணெயும் விட்டு வேக வை. எண்ணெய் விட்டா நுரை பொங்கி விசில் வழியா வழியாது. வெந்ததை நல்லா மசிச்சு, ரெண்டு டம்ளர் தண்ணி விட்டுக் கலக்கி அப்படியே வச்சிரு.

வேற பாத்திரத்துல நெல்லிக்காய் அளவு புளியைக் கரைச்சு, ஒரு தக்காளியைக் கையாலயே பிசைஞ்சு விட்டு, உப்பு, கறிவேப்பிலை, கட்டிப் பெருங்காயம் ஒரு மிளகளவு. இது நல்லாக் கொதிக்கணும். பச்சைப்புளி வாசம் போற வரைக்கும், எட்டு நிமிஷம் பத்து நிமிஷம். இங்க அவசரப்படாதே.

மிளகு, சீரகம் ஒவ்வொரு ஸ்பூன், வறுக்கவே வேண்டாம், அம்மியிலயோ இடிகல்லுலயோ ஒண்ணிரண்டா தட்டு. நாலு பல் பூண்டு தோலோட. புளித்தண்ணி கொதிச்சதும் பருப்புத் தண்ணியையும் இதையும் விட்டு அடுப்பைக் குறைச்சிட்டு அங்கயே நில்லு. போன் எடுக்காதே. ஓரத்துல முத்து முத்தா நுரை கட்டும், அது நடுவைப் பாத்து நெருங்கிக்கிட்டே வரும். நுரை மேலெழும்பி பாத்திரம் நிறைஞ்ச மாதிரி தெரியும்போது அணைச்சிரு. குமுறிக் கொதிச்சுதோ, ரசம் செத்துச்சு.

நெய்யில கடுகு, ஒரு வத்தல் தாளிச்சுக் கொட்டி, மல்லித்தழையைக் கிள்ளிப் போட்டுத் தட்டை வச்சு மூடு. பத்து நிமிஷம் யாரும் திறக்கக் கூடாது.

---

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | புதன், இரவு 9:02

அந்த நுரைக் கணக்குல ஒரு விஷயம். மிளகு, சீரகம், பெருங்காயத்தோட வாசம் எல்லாம் ஆவியாகிற எண்ணெய்ச் சத்துல இருக்கு. கொதிக்க விட்டா வீடு மணக்கும், ரசத்துல ஒண்ணும் மிஞ்சாது. புளியைக் கொதிக்க விட்டு, பொடியைக் கொதிக்க விடாம இறக்குறது அதுக்குத்தான்.

---

மிளகாய்_விரோதி | புதன், இரவு 9:30

இடையில ஒரு சின்ன சந்தோஷம். போர்த்துகீசியக் கப்பல் வர்றதுக்கு முன்னாடி நம்ம ரசத்துல மிளகாயும் கிடையாது, தக்காளியும் கிடையாது. ரெண்டும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. காரம்னா மிளகுதான். வெள்ளைக்காரன் "முல்லிகாடானி"ன்னு சூப் ஆக்கிக் கொண்டு போனதும் நம்ம மிளகுத் தண்ணியைத்தான். ஆக அந்தச் செத்தல் மிளகாயை மட்டும் எடுத்துட்டா, அன்னம் அக்கா கைப்பக்குவம்தான் பழசுன்னு என் கட்சி. தக்காளிக் கட்சிக்காரங்க சண்டைக்கு வரலாம்.

---

தாமிரபரணிக்காரி | புதன், இரவு 9:44

சண்டைக்கு நேரமில்லை. தக்காளி இல்லாம நீ குடி, எனக்கென்ன.

---

மொட்டைமாடி_வாசி | வியாழன், இரவு 8:15

டம்ளர் சோதனை முடிஞ்சுது.

கேன் தண்ணி டம்ளருக்கு ஒரு நூல் கட்டி அடையாளம் வெச்சேன். ரெண்டும் அரை மணி ஊறினது. முதல் விசிலுக்கு அப்புறம் தணல்ல 12 நிமிஷம், ஆவி தானா அடங்கித்தான் திறந்தேன்.

நூல் கட்டினதுல பருப்பு வடிவமே இல்ல. ஸ்பூனைச் சாய்ச்சா தேன் மாதிரி இறங்குது. குழாய்த் தண்ணி டம்ளர்ல மேல கலங்கின தண்ணி, அடியில பருப்பு தனித்தனியா. ஒண்ணை எடுத்து நசுக்கினேன், ரெண்டாப் பிளந்துச்சு, நடுவுல வெள்ளையா ஒரு புள்ளி. புளியே போடாம இந்தக் கதி.

வீட்டுக்காரி எழுந்து வந்து, "ராத்திரி எட்டு மணிக்கு டம்ளருக்கு எதுக்கு நூல் கட்டியிருக்கே, மந்திரிக்கிறியா?"ன்னா. வெந்தய விஷயத்தோட எல்லாத்தையும் ஒப்புக்கிட்டேன்.

இன்னொரு கேள்வி. பரண்ல ஒரு ஈயச்சொம்பு இருக்கு, அவ பாட்டி சீதனம். நாளைக்கு அதுல வைக்கட்டுமா?

---

நளன்_தம்பி | வியாழன், இரவு 8:40

ஈயமா? விஷம் சார் அது. தூக்கிப் போடுங்க.

---

தாமிரபரணிக்காரி | வியாழன், இரவு 8:52

யாருப்பா விஷம்னது? ஈயச்சொம்பு ரசம் குடிச்சுத்தான் எங்க ஆச்சி தொண்ணூறு வயசு இருந்தா. சொம்பைத் தூக்கிப் போடச் சொல்ற ஆளை முதல்ல தூக்கிப் போடணும்.

---

கெமிஸ்ட்ரி_வாத்தியார் | வியாழன், இரவு 9:25

ரெண்டு பேரும் வேற வேற உலோகத்தைப் பத்திப் பேசுறீங்க. சொம்பு பண்றது வெள்ளீயம். விஷம் காரீயம். பேருதான் ஒண்ணு போல இருக்கு. வெள்ளீயத்துல ரசம் வைக்கலாம். ஆனா காரீயம் கலந்து அடிச்ச சொம்பா இருந்தா புளிப்பு பட்டதும் ரசத்துல இறங்கும். வெள்ளைத் தாள்ல உரசினா பென்சில் மாதிரி சாம்பல் கோடு விழுந்தா காரீயம் இருக்குன்னு சந்தேகப்படலாம். விழலன்னா சுத்தம்னு அர்த்தமும் இல்ல, கொஞ்சமாக் கலந்திருந்தா தெரியாது. பாட்டி காலத்துச் சொம்புன்னாலும் ஒரு ஆய்வகத்துல காட்டிட்டு அடுப்பேத்துங்க.

அப்புறம் முக்கியமா, வெள்ளீயம் 232 டிகிரியில உருகிடும். கேஸ் அடுப்புச் சூட்டுக்கு அது தூசு. உள்ள தண்ணி இருக்கிற வரைக்கும் சொம்பு நூறைத் தாண்டாது, பிழைச்சுக்கும். காலியா அடுப்புல வெச்சுட்டுப் புளி கரைக்கப் போனீங்கன்னா திரும்பி வரும்போது சொம்பு இருக்காது.

---

விசில்_கணக்கு | வியாழன், இரவு 9:33

சொந்த அனுபவம். தலைதீபாவளி, மாமியார் வீடு, மாமியாரோட சொம்பு. உதவி பண்றேன்னு போய்க் காலிச் சொம்பை அடுப்புல வெச்சேன். அடியில ஒரு ஓட்டை விழுந்து வெள்ளி மாதிரி பர்னர்ல சொட்டுச்சு. பார்க்க ரொம்ப அழகா இருந்தது. பதினோரு வருஷம் ஆச்சு, இன்னும் அந்தச் சமையல்கட்டுக்குள்ள எனக்கு அனுமதி இல்லை.

---

சிறுவாணி | வியாழன், இரவு 9:50

அனுமதி இல்லைன்னு சந்தோசமா இருக்கீங்கன்னு தோணுதுங்க.

---

மொட்டைமாடி_வாசி | சனி, மதியம் 2:30

சொம்பைத் தொடல, சாதா எவர்சில்வர்லதான் வெச்சேன். தண்ணி முழுக்க கேன். வெந்தயம் நாலு மணி, எண்ணித்தான். (அக்கா பக்குவத்துல வெந்தயமே இல்ல, தெரியும். அம்மாவுக்கும் மரியாதை கொடுக்கணும்ல.) நுரை கட்டுற வரைக்கும் போனை அடுத்த ரூம்ல வெச்சுட்டு நின்னேன். ஓரத்துல ஆரம்பிச்சு நடுவுக்கு வந்துச்சு, கடைசியா நடுவுல ஒரு ரூபாய் அளவு இடம்தான் மிச்சம். அங்க அணைச்சேன்.

குழைஞ்ச சாதத்துல ஊத்திப் பிசைஞ்சு சாப்பிட்டா. ரெண்டாவது தடவை கேட்டா. மூணாவது டம்ளர்ல. அப்புறம், "உப்பு ஒரு கல்லு குறைச்சல்"ன்னா. அடியில தங்கின மண்டியை ராத்திரிக்குத் தனக்குன்னு எடுத்து வெச்சிருக்கா, என்னைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு.

அம்மாகிட்ட போன் பண்ணி ரசம் நல்லா வந்துச்சுன்னு சொன்னேன். "நான் சொன்ன மாதிரிதானே வெச்சே?"ன்னு கேட்டாங்க. ஆமான்னுட்டேன்.

---

தாமிரபரணிக்காரி | சனி, மதியம் 2:47

மண்டியில சோத்தைப் பிசைஞ்சு ஒரு சொட்டு நெய் விட்டுக்கச் சொல்லு. அப்பளம் சுட்டியா, பொரிச்சியா?

---

மொட்டைமாடி_வாசி | சனி, மதியம் 2:51

சுட்டேன் அக்கா. ரெண்டு கருகிடுச்சு, அதை நான் தின்னுட்டேன்.